குதிரைக் காட்சிகளில் நேரும் காயங்களும் சட்டப் பொறுப்பும்

மாடு, குதிரை, ஆடு முதலிய விலங்குகளைப் பலர் கூடும் இடத்தில் காட்சிக்கு வைப்பதும் போட்டியில் இறக்குவதும் உலகின் பல நாடுகளில் உள்ள வழக்கம். அத்தகைய இடத்தில் ஒருவர் விலங்கால் காயமுற்றால் அவருக்கு இழப்பீடு தர வேண்டியவர் யார்? விலங்கின் உரிமையாளரா, அதன் மீது சவாரி செய்தவரா, காட்சியை நடத்திய அமைப்பா? அல்லது ஆபத்து இருக்கும் என்று தெரிந்தே அங்கு வந்த காயமுற்றவரே அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டுமா? இக்கேள்விக்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்களும், பின்னர் அமெரிக்காவின் சட்டமன்றங்களும் அளித்த விடைகளின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகிறது.

ஒருவர் செய்த தீங்கினால் மற்றொருவருக்கு ஏற்பட்ட இழப்பைப் பணமாக ஈடு செய்யும் உரிமையியல் சட்டப் பிரிவைத் தீங்கியல் சட்டம் என்பர். இது குற்றவியல் சட்டத்திலிருந்து வேறானது. இதன் நோக்கம் எவரையும் சிறைக்கு அனுப்புவதன்று. இழப்பு யார் தலையில் விழ வேண்டும் என்று முடிவு செய்வதே ஆகும். இந்தியாவின் தீங்கியல் சட்டமும் பெரும்பாலும் இங்கிலாந்தின் தீர்ப்புகளை அடியொற்றி வளர்ந்தது. ஆகவே கீழே கூறப்படும் பல வழக்குகள் நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் பாடமாக உள்ளன.

காட்சிகளின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் வேகமாக மாறின. நல்ல இனக் காளைகளையும் ஆடுகளையும் உருவாக்கியவர்கள் அவற்றை மற்றவர்களுக்குக் காட்டிப் பரிசு பெற விரும்பினர். 1798இல் ஸ்மித்ஃபீல்ட் சங்கம் தோன்றியது. 1838இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்து அரச வேளாண்மைச் சங்கம் தன் முதல் காட்சியை 1839இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்தியது. அயர்லாந்தில் டப்ளின் குதிரைக் காட்சி 1864இல் தொடங்கியது. லண்டன் ஒலிம்பியா அரங்கில் 1907 முதல் பன்னாட்டுக் குதிரைக் காட்சி நடைபெற்றது.

இக்காட்சிகளால் விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவில் ஒரு புதிய நிலை உருவானது. பண்ணையில் மாட்டைக் கையாள்பவனுக்கு அதன் குணம் தெரியும். காட்சிக்கு வருபவரில் பலர் நகரவாசிகள். குதிரை எப்போது மிரளும், எந்தப் பக்கம் உதைக்கும் என்பதை அவர்கள் அறியார். அறிந்தவனும் அறியாதவனும் ஒரே வேலியின் இரு புறங்களில் நிற்கும் இடமாகக் காட்சித் திடல் அமைந்தது. இந்த அறிவு வேறுபாடுதான் பின்னர் வந்த வழக்குகள் அனைத்திற்கும் அடிப்படை.

உரிமையாளருக்குத் தெரியுமா?

விலங்கால் நேரும் தீங்கு குறித்த பழைய ஆங்கிலேய விதிக்குச் சயண்டர் விதி என்று பெயர். ‘அறிந்தே’ என்னும் பொருள் தரும் லத்தீன் சொல் அது. தன் விலங்கு ஆபத்தானது என்று தெரிந்திருந்தும் அதை வைத்திருந்தவர், அதனால் நேரும் தீங்குக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது இங்கே கணக்கில் வராது. குரங்கு ஒன்று ஒரு பெண்ணைக் கடித்தது தொடர்பான மே எதிர் பர்டெட் வழக்கில் 1846இல் இவ்விதி தெளிவாக நிலைநாட்டப்பட்டது.

இவ்விதியின்படி விலங்குகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டன. சிங்கம், கரடி போன்றவை இயல்பிலேயே கொடியவை. அவற்றை வைத்திருப்பவருக்கு ஆபத்து தெரியும் என்று சட்டமே கருதிக்கொள்ளும். குதிரை, மாடு, நாய் போன்றவை பழகிய விலங்குகள். அவற்றால் காயமுற்றவர், அந்தக் குறிப்பிட்ட விலங்குக்குத் தீய பழக்கம் இருந்தது என்பதையும், அதை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாம் வகையில் வழக்குத் தொடுத்தவர்களின் நிலை கடினமாக இருந்தது. 1863ஆம் ஆண்டின் காக்ஸ் எதிர் பர்பிட்ஜ் வழக்கில், சாலையில் திரிந்த குதிரை ஒன்று அங்கு விளையாடிக்கொண்டிருந்த சிறுவனை உதைத்துவிட்டது. அக்குதிரைக்கு உதைக்கும் பழக்கம் இருந்ததாகவும் அதை உரிமையாளர் அறிந்திருந்ததாகவும் சான்று இல்லை. ஆகவே இழப்பீடு கிடைக்கவில்லை. 1928ஆம் ஆண்டின் கிளான்வில் எதிர் சட்டன் வழக்கு இன்னும் வியப்பானது. அக்குதிரை மற்றக் குதிரைகளைக் கடிக்கும் என்பது உரிமையாளருக்குத் தெரியும். ஆனால் அது கடித்தது ஒரு மனிதனை. குதிரையைக் கடிக்கும் என்ற அறிவு, மனிதனைக் கடிக்கும் என்ற அறிவாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

இயல்பிலேயே கொடியவை என்று கருதப்பட்ட விலங்குகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 1890இல் முடிவான ஃபில்பர்ன் வழக்கில், பொதுமக்களுக்குக் காட்சியாக வைக்கப்பட்ட யானை ஒன்று ஒருவரைத் தாக்கியது. அந்த யானை சாதுவானது என்றே நடுவர் குழு கருதியது. ஆயினும் யானை என்னும் இனமே இங்கிலாந்தில் கொடிய வகையைச் சேர்ந்தது என்பதால் காட்சி நடத்தியவர்கள் பொறுப்பேற்க நேர்ந்தது. 1957ஆம் ஆண்டின் பெரன்ஸ் எதிர் பெர்ட்ரம் மில்ஸ் சர்க்கஸ் வழக்கிலும் இதே முடிவுதான். ஒலிம்பியா அரங்கில், குரைத்து வந்த சிறிய நாயைப் பார்த்து மிரண்ட பர்மிய யானை அதைத் துரத்தியபோது பக்கத்திலிருந்த கூடாரக்கடை சரிந்து, உள்ளே இருந்த பெண் காயமுற்றார். அந்த யானை நன்கு பழக்கப்பட்டது, அச்சத்தால்தான் அப்படி நடந்துகொண்டது என்பதை நீதிபதி டெவ்லின் ஏற்றார். ஆனாலும் சர்க்கஸ் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை.

நம் ஊர்க் கோயில் வாசலில் நின்று ஆசி வழங்கும் யானையை இங்கிலாந்தின் சட்டம் கரடியுடன் சேர்த்தது; கால் உதைப்பால் உயிரையே பறிக்கக்கூடிய குதிரையைப் பசுவுடன் சேர்த்தது. இனத்தை வைத்து ஆபத்தை அளந்ததன் விளைவு இது.

காயமுற்றவருக்குத் தெரியுமா?

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி மறுபக்கம் திரும்பியது. விளையாட்டுகளையும் பந்தயங்களையும் காணப் பெருங்கூட்டம் கூடத் தொடங்கியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் காயமுற்றால், அவரே அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு வந்தவர் அல்லவா என்ற வாதம் வலுப்பெற்றது. மனமுவந்து ஏற்றவனுக்குத் தீங்கிழைக்கப்படவில்லை என்னும் பொருளுடைய ‘வோலண்டி நான் ஃபிட் இஞ்சுரியா’ என்ற லத்தீன் வாசகம் இவ்வாதத்தின் அடிப்படை.

1930இல் புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தயத் தளத்தில் இரண்டு கார்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிக் கூட்டத்தில் பாய்ந்தது. இருவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். நடுவர் குழு காயமுற்றவருக்கு ஆதரவாக முடிவு கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துகளுக்கு எதிராகத்தான் நடத்துநர் காவல் செய்ய வேண்டும். பந்தயத்தில் இயல்பாக உள்ள, அரிதான ஆபத்தைப் பார்வையாளர் தம் பொறுப்பில் ஏற்கிறார் என்பது அதன் கருத்து. 1951இல், பனி ஹாக்கி ஆட்டத்தைக் காண வந்த ஆறு வயதுச் சிறுவனின் கண்ணில் ஆட்ட வட்டு பட்ட மரே எதிர் ஹாரிங்கே அரங்க வழக்கிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. ஆறு வயதுக் குழந்தை எந்த ஆபத்தை எப்படி ஏற்றுக்கொண்டிருக்க முடியும் என்ற கேள்வி அத்தீர்ப்பைப் படிக்கும்போது எழாமல் இருப்பதில்லை.

‘ஒர்க் ஆஃப் ஆர்ட்’ என்ற குதிரை

குதிரைக் காட்சியைப் பொறுத்தவரை இவ்வரலாற்றின் மையமான வழக்கு ஊல்ட்ரிட்ஜ் எதிர் சம்னர். 1908 ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் ஒரு குதிரைக் காட்சி நடந்தது. அதில் அதிக எடையைத் தாங்கும் வேட்டைக் குதிரைகளுக்கான போட்டி ஒன்று இருந்தது. போட்டித் திடலின் எல்லையைச் செடித்தொட்டிகளின் வரிசை குறித்தது. அதற்கு வெளியே ஓட்டப்பந்தயத்துக்கான கரித்தூள் பாதை இருந்தது.

தொட்டி வரிசையருகே கிடந்த ஒரு பெஞ்சின் ஓரத்தில் புகைப்படக் கலைஞர் ஒருவர் நின்றிருந்தார். தொழில் நிமித்தம் வந்த அவருக்குக் குதிரைகளுடன் பழக்கமில்லை. ‘ஒர்க் ஆஃப் ஆர்ட்’ என்ற பெயருடைய குதிரையை அனுபவமிக்க சவாரியாளர் ஒருவர் ஓட்டி வந்தார். அது திடலின் மூலையை மிகுந்த வேகத்தில் திரும்பித் தொட்டி வரிசையை ஒட்டிப் பாய்ந்தது. தன்னை நோக்கி வரும் குதிரையைக் கண்டு அஞ்சிய புகைப்படக் கலைஞர், பெஞ்சிலிருந்த ஒரு பெண்ணை இழுத்துக் காப்பாற்ற முயன்றபோது பின்னால் நகர்ந்தோ விழுந்தோ குதிரையின் வழியில் சிக்கினார். அவர் பலத்த காயமுற்றார். குதிரை மீண்டும் திடலுக்குள் கொண்டுவரப்பட்டுப் போட்டியை முடித்தது. தன் வகுப்பில் முதன்மைப் பரிசையும் வென்றது.

அவர் குதிரையின் உரிமையாளர் மீதும், காட்சியை நடத்திய பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். சவாரியாளர் உரிமையாளருக்காகக் குதிரை ஓட்டியதால் அவருடைய தவறுக்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கின் அடிப்படை. விசாரணை நீதிபதி பாரி, சங்கத்தின் மீது குற்றமில்லை என்றார். ஆனால் சவாரியாளரிடம் கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பளித்தார். மூலையை அளவுக்கு மீறிய வேகத்தில் திரும்பியது ஒன்று. குதிரையைக் கரித்தூள் பாதைக்குப் போக விடாமல் திடலுக்குள் திருப்ப முயன்றது மற்றொன்று.

1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் செல்லர்ஸ், டேங்க்வெர்ட்ஸ், டிப்லாக் ஆகிய மூவரும் இதை மாற்றினர். டிப்லாக் கூறிய காரணம்தான் புகழ்பெற்றது. வெல்வதற்காகத் தன் முழுத் திறனையும் செலுத்தும் போட்டியாளர், நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர். அவருடைய கணிப்புப் பிழையையும் திறன் குறைவையும் பார்வையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பார்வையாளரின் பாதுகாப்பை அறவே பொருட்படுத்தாத முரட்டுத்தனம் இருந்தால் மட்டுமே போட்டியாளர் பொறுப்பாவார். வேகமாகத் திரும்பியது கணிப்புப் பிழையே தவிர, சட்டம் தண்டிக்கும் கவனக்குறைவன்று என்பது முடிவு.

இத்தீர்ப்பில் பலர் கவனிக்கத் தவறும் இன்னொரு பகுதியும் உண்டு. பார்வையாளர் ‘சம்மதித்துவிட்டார்’ என்பதை டிப்லாக் காரணமாகக் காட்டவில்லை. ஆபத்து இருப்பது தெரியும் என்பது வேறு; கவனக்குறைவாக நடந்துகொள்ளச் சம்மதித்தேன் என்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். முன்கூட்டியே வெளிப்படையாக ஒப்பந்தம் செய்யாதவரை, ஆபத்தின் தன்மையையும் அளவையும் முழுமையாக அறிந்தவரிடம் மட்டுமே சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியும். புகைப்படக் கலைஞர் தோற்றது அவர் சம்மதித்ததால் அன்று. சவாரியாளர் தவறு செய்யவில்லை என்று கருதப்பட்டதால்தான்.

இந்த வேறுபாடு சட்ட மாணவருக்கு முக்கியம். காயமுற்றவருக்கு அதனால் கிடைத்த பயன் ஒன்றுமில்லை. வேறொருவரைக் காப்பாற்றக் கை நீட்டியவர் வெறுங்கையுடன் வீடு திரும்பினார்.

தீர்ப்புக்குப் பின்

சட்ட அறிஞர் ஏ. எல். குட்ஹார்ட் இத்தீர்ப்பை விளையாட்டு வீரர்களுக்கு வழங்கப்பட்ட உரிமைச் சாசனம் என்று பெயரிட்டு விமர்சித்தார். சாலையில் கார் ஓட்டுபவருக்கும் நொடிப்பொழுதுதான் உள்ளது. அவருக்கு இச்சலுகை இல்லையே என்ற கேள்வி எழுந்தது. 1971இல், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பார்வையாளர் காயமுற்ற வில்க்ஸ் வழக்கில் நீதிமன்றம் அளவுகோலைச் சற்று மாற்றியது. பந்தயம் என்ற சூழலையும் கணக்கில் கொண்டு, நியாயமான கவனம் இருந்ததா என்று பார்ப்பதே சரி என்றது. அந்த வழக்கிலும் பார்வையாளருக்கு வெற்றி கிடைக்கவில்லை.

1994இல் ஹெக்ஸம் குதிரைப் பந்தயத்தில் ஒரு ஜாக்கி கீழே விழுந்து படுகாயமுற்றார். அவருடைய பந்தய வாழ்வு முடிந்தது. உடன் ஓட்டிய இருவர் கவனமின்றி ஓட்டியதாகப் பந்தய நடுவர்கள் முடிவு செய்து, மூன்று நாள் தடையும் விதித்தனர். ஆயினும் கால்டுவெல் எதிர் மகுவைர் வழக்கில் 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீடு தர மறுத்தது. விளையாட்டு விதியை மீறுவதும் சட்டப்படி கவனக்குறைவாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வழக்கு உறுதிப்படுத்தியது.

நடத்துநரின் பொறுப்பு இதனினும் வேறானது. ஓடும் குதிரையின் மேலிருப்பவருக்குச் சிந்திக்க நேரமில்லை. வேலி எங்கே, கூட்டம் எங்கே என்று திட்டமிடும் அமைப்புக்கு வாரக்கணக்கில் நேரம் உண்டு. 1972இல் முடிவான ஒயிட் எதிர் பிளாக்மோர் வழக்கு இதைக் காட்டுகிறது. பழைய கார்ப் பந்தயம் ஒன்றில், பார்த்துக்கொண்டிருந்தவர் பாதுகாப்புக் கயிறு இழுபட்டதால் தூக்கியெறியப்பட்டு இறந்தார். கயிறுகள் தவறாகக் கட்டப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது; ஆகவே அந்த ஆபத்தை அவர் ஏற்றார் என்று சொல்ல முடியாது என நீதிமன்றம் கூறியது. ஆனால் நுழைவாயிலில் ‘விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற அறிவிப்பு இருந்தது. அதைக் காட்டியே நடத்துநர்கள் தப்பினர்; நீதிபதி டென்னிங் மட்டும் மாறுபட்டார். ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இவ்வழியை அடைத்தது. தொழில் நடத்துபவர் தம் கவனக்குறைவால் நேரும் சாவுக்கும் உடற்காயத்துக்கும் அறிவிப்புப் பலகை மூலம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இன்று இங்கிலாந்தில் இயலாது.

1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம்

பழைய சயண்டர் விதியின் இடத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றம் 1971இல் விலங்குகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. விலங்குகளைக் கொடிய இனம், கொடியதல்லாத இனம் என்று பிரிக்கும் முறை தொடர்ந்தது. குதிரையும் மாடும் இரண்டாம் வகையில் உள்ளன. அவற்றால் தீங்கு நேர்ந்தால், கீழ்க்கண்ட மூன்றும் பொருந்தும்போது வைத்திருப்பவர் தம்மிடம் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பாவார்.

முதலாவது, அந்த விலங்கு கட்டுப்படுத்தப்படாவிட்டால் அத்தகைய தீங்கை விளைவிக்கக்கூடியது, அல்லது விளைவித்தால் அது கடுமையாக இருக்கக்கூடியது. இரண்டாவது, தீங்குக்குக் காரணமான இயல்பு அந்த இனத்தில் பொதுவாகக் காணப்படாதது, அல்லது சில நேரங்களிலும் சூழல்களிலும் மட்டுமே காணப்படுவது. மூன்றாவது, அவ்வியல்பை வைத்திருப்பவர் அறிந்திருந்தார்.

இரண்டாவது நிபந்தனையின் பிற்பகுதி பல ஆண்டுகள் குழப்பம் தந்தது. மிரண்ட குதிரை ஓடுவது எல்லாக் குதிரைகளுக்கும் உள்ள இயல்பு. அப்படியானால் அது ‘சில சூழல்களில் மட்டும் காணப்படும் இயல்பு’ ஆகுமா? இக்கேள்வி மிர்வஹெடி எதிர் ஹென்லி வழக்கில் பிரபுக்கள் அவைக்குச் சென்றது. ஏதோ ஒன்றால் மிரண்ட குதிரைகள் இரவில் வேலியை உடைத்து டெவன் மாவட்ட நெடுஞ்சாலைக்கு வந்தன. காரில் வந்தவர் மோதிப் படுகாயமுற்றார். குதிரைகளை மிரட்டியது எது என்று இறுதிவரை தெரியவில்லை. உரிமையாளர்களிடம் கவனக்குறைவும் இல்லை. ஆயினும் 2003இல் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் உரிமையாளர்களே பொறுப்பு என்று முடிவானது. மிரட்சியில் தறிகெட்டு ஓடுவது சூழல் சார்ந்த இயல்பு என்பதும், குதிரை வைத்திருப்பவர் அதை அறிந்தவர் என்பதும் காரணங்கள்.

இத்தீர்ப்பு குதிரைப் பண்ணைகளிலும் சவாரிப் பள்ளிகளிலும் கவலையை உண்டாக்கியது. அதே சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அவர்களுக்குத் துணை நின்றது. ஆபத்தை மனமுவந்து ஏற்றவருக்கு இழப்பீடு இல்லை என்று அது கூறுகிறது. துள்ளும் பழக்கமுள்ள குதிரை என்று முன்பே சொல்லப்பட்டும் ஏறிய அனுபவமிக்க சவாரியாளர்கள் தொடுத்த ஃப்ரீமன் வழக்கு 2008இலும், கோல்ட்ஸ்மித் வழக்கு 2012இலும் தோல்வியடைந்தன. சாலையில் காரில் சென்றவர் எதையும் ஏற்கவில்லை. தெரிந்தே சேணத்தில் அமர்ந்தவர் ஏற்றார். இந்த வேறுபாடு நியாயமானதே.

அமெரிக்காவின் எச்சரிக்கைப் பலகை

அமெரிக்காவில் இந்த வரலாறு வேறு திசையில் சென்றது. 1980களில் பொறுப்புக் காப்பீட்டுக் கட்டணம் அங்கே கடுமையாக உயர்ந்தது. சவாரிப் பள்ளிகளும் காட்சி அமைப்புகளும் மூடப்படும் என்ற அச்சம் எழுந்தது. குதிரை உரிமையாளர்கள் சட்டமன்றங்களை நாடினர். 1989இல் வாஷிங்டன் மாநிலமும் 1990இல் கொலராடோ மாநிலமும் குதிரைச் செயல்பாடுகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றின. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் உள்ளது.

இச்சட்டங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. குதிரைச் செயல்பாட்டில் ‘உள்ளார்ந்த ஆபத்துகள்’ எவை என்று முதலில் பட்டியலிடும். சத்தத்துக்கும் திடீர் அசைவுக்கும் குதிரை எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாமை, நிலத்தின் மேடுபள்ளம், மற்ற விலங்குகளுடன் மோதல் முதலியன அதில் அடங்கும். இவற்றால் பங்கேற்பாளர் காயமுற்றால் நடத்துநர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. பழுதான சேணம் என்று தெரிந்தே கொடுத்தது, சவாரி செய்பவரின் திறனை விசாரிக்காமலே குதிரையைக் கொடுத்தது, நிலத்தில் மறைந்துள்ள ஆபத்தை எச்சரிக்காதது, வேண்டுமென்றே காயப்படுத்தியது ஆகியவை விதிவிலக்குகள். பல மாநிலங்களில் எச்சரிக்கைப் பலகை வைப்பதும் கட்டாயம். எழுத்து கறுப்பு நிறத்தில், குறைந்தது ஓர் அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்றுகூடக் கொலராடோ சட்டம் கூறுகிறது.

டெக்சாஸ் 1995இல் இயற்றிய குதிரைச் சட்டத்தை 2011இல் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் விரிவாக்கியது. மாடு, ஆடு, பன்றி முதலியவற்றின் காட்சிகளும் அதில் அடங்கின. பண்ணைத் தொழிலாளி ஒருவர் மாடுகளைக் கையாளும்போது இறந்தது தொடர்பான வாக் எதிர் ரோட்ரிகஸ் வழக்கில், இச்சட்டம் பண்ணையில் வேலை செய்பவரின் உரிமையைப் பறிப்பதன்று என்று 2020இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திப் பண்ணைகளையும் உள்ளே கொண்டுவந்தது. விளையாட்டுக்காக வந்தவருக்கென எழுதப்பட்ட விதி, வயிற்றுப்பாட்டுக்காக மாட்டின் அருகில் நின்றவரையும் எட்டிய விதம் இது.

பார்வையாளர் நிலை என்ன? கொலராடோ போன்ற மாநிலங்களில் பார்வையாளர் ‘பங்கேற்பாளர்’ ஆகார்; ஆகவே அவருடைய வழக்குரிமை காக்கப்படுகிறது. ஆனால் அனுமதியில்லாத இடத்தில் விலங்குகளை ஒட்டிப் போய் நின்றால் அப்பாதுகாப்பு இல்லை. ஒயிட் சிட்டியில் தொட்டி வரிசையருகே நின்ற புகைப்படக் கலைஞரின் வழக்கு கொலராடோவில் வந்திருந்தால், அவர் நின்ற இடம் அனுமதிக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

குழந்தைகள் விஷயத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. யூட்டா மாநிலத்தில் வழிகாட்டியுடன் சென்ற சவாரியில் குதிரையிலிருந்து விழுந்த 11 வயதுச் சிறுமியின் வழக்கில், பெற்றோர் முன்பே கையெழுத்திட்ட விடுவிப்புப் பத்திரம் குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது என்று 2001இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காட்சித் திடலில் தொற்றும் நோய்

விலங்கு உதைப்பதும் முட்டுவதும் மட்டுமே தீங்கல்ல. 2004இல் வட கரோலினா மாநிலக் கண்காட்சிக்குச் சென்றவர்களிடையே ஈ.கோலை நோய் பரவியது. 108 பேர் பாதிக்கப்பட்டனர். குழந்தைகள் ஆடுகளைத் தொட்டு விளையாடும் கூடம் இதன் தோற்றுவாயாக அறியப்பட்டது. சில குழந்தைகளின் சிறுநீரகம் பழுதானது. அடுத்த ஆண்டு அம்மாநிலம், நோயுற்ற ஒரு குழந்தையின் பெயரால் ‘ஏடின் சட்டம்’ என்று வழங்கும் சட்டத்தை இயற்றியது. மக்கள் தொடக்கூடிய விலங்குக் காட்சிக்கு அனுமதிச் சீட்டு, கை கழுவும் வசதி, எச்சரிக்கை அறிவிப்பு முதலியவை கட்டாயமாயின. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பார்வையாளர் ‘அறிந்து ஏற்றார்’ என்று எவரும் வாதிட முடியாது. ஆகவே இங்குப் பொறுப்பு முழுவதும் நடத்துநர் பக்கமே சாய்ந்தது.

தமிழ்நாட்டு நிலை

தமிழ்நாட்டில் இக்கேள்வி ஜல்லிக்கட்டு வழியாகவே வந்தது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. 2009இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி, இரட்டைத் தடுப்பு வேலி, பார்வையாளர் மாடத்துக்குப் பொதுப்பணித் துறையின் சான்று, மருத்துவ வசதி முதலியவற்றை அது வலியுறுத்தியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது இச்சட்டமும் செல்லாததாயிற்று. 2017ஆம் ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் வந்த திருத்தச் சட்டத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு ஏற்றுக்கொண்டது.

இங்குள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் காயமுற்றபின் நடந்த வழக்குகள் சட்டத்தை வளர்த்தன. தமிழ்நாட்டில் காயம் நேராமல் தடுக்கும் அரசு விதிகளே முன் நிற்கின்றன. விலங்கைக் கவனக்குறைவாகக் கையாள்வது இந்தியத் தண்டனைச் சட்டம் 289ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் அது தொடர்கிறது. ஜல்லிக்கட்டில் மாடு முட்டி ஒருவர் இறந்தால், அரசு நிவாரணத் தொகை அறிவிப்பதை நாளிதழ்களில் படிக்கிறோம். நிவாரணம் அரசின் கருணையால் வருவது. இழப்பீடு பாதிக்கப்பட்டவரின் உரிமையால் வருவது. தடுப்பு வேலி சரியாக இருந்ததா, அதற்குப் பொறுப்பானவர் யார் என்ற கேள்விகளுக்கு நிவாரணம் விடை தருவதில்லை.

முடிவுரை

குரங்கு கடித்த 1846ஆம் ஆண்டு வழக்கு முதல் இன்றைய எச்சரிக்கைப் பலகை வரை சட்டம் கேட்டுவந்தது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஆபத்து யாருக்குத் தெரிந்திருந்தது? தொடக்கத்தில் உரிமையாளரிடம் அதைக் கேட்டனர். பிறகு பார்வையாளரிடம் கேட்டனர். அமெரிக்காவில் ஓர் அங்குல எழுத்துகளில் எழுதி வைத்து, உரிமையாளரின் அறிவைப் பங்கேற்பாளருக்கு மாற்றிவிட்டனர்.

குதிரை மிரளும் என்பதைப் பலகையில் எழுதிப் பார்வையாளருக்குத் தெரிவித்துவிடலாம். வேலி எந்த இடத்தில் பலவீனமாக உள்ளது, எந்தச் சேணத்தின் வார் அறுந்துபோகும் நிலையில் உள்ளது, எந்தக் கூடத்தில் கை கழுவத் தண்ணீர் இல்லை என்பவை நடத்துநருக்கு மட்டுமே தெரியக்கூடியவை. அவற்றைச் சரிசெய்யக்கூடியவரும் அவரே. விலங்கின் இயல்பால் வரும் ஆபத்தைப் பார்வையாளர் பங்கிட்டுக்கொள்ளலாம். மனிதரின் அசட்டையால் வரும் ஆபத்தை அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. டிப்லாக் 1962இல் பிரித்துக் காட்டிய வேறுபாடும் இதுவே. காட்சிக்கோ ஜல்லிக்கட்டுக்கோ அனுமதி கேட்பவர்களும் அனுமதி வழங்குபவர்களும் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இதைத்தான்.